இரண்டாவது கேள்வி

அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுப்பவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். முதல் கேள்வி கடவுளைப் பற்றியது. பாவத்தை விட்டு மனந்திரும்பி உன்னை அவருக்குக் கொடுத்துவிட்டாயா என்பது. இரண்டாவது சபையைப் பற்றியது. இந்த முழுக்கினால் நீ இந்தச் சபைக்குச் சொந்தமாகிறாய், அதன் ஒழுங்குக்குக் கட்டுப்படுகிறாய் என்பது உனக்குப் புரிகிறதா என்பது. இரண்டுக்கும் எல்லாரும் எழுந்து நின்று ஒரே குரலில் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் தண்ணீர்.

கத்தரி அந்த 'ஆம்' சொன்னபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கத்தரி என்பது பின்னால் சலூனில் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளியம்மா வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை என்பதால் அதை இங்கே சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

வாடகைக்கு எடுத்த நீச்சல் குளத்தில்தான் முழுக்கு நடந்தது. குளோரின் வாடை கண்ணைக் கரித்தது. முதல் கேள்வி கேட்கப்பட்டபோது மூக்கில் தண்ணீர் ஏறிவிடுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது கேள்வியின்போது பக்கத்தில் நின்ற பெண்ணின் குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் எல்லாரும் 'ஆம்' என்றார்கள், அவளும் சொன்னாள்.

ஏன் எடுத்தாள் என்று கேட்டால், அப்பாவுக்காக என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா எலக்ட்ரீஷியன். சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர். மூப்பரின் மூத்த மகனோ முழுக்கு என்றாலே நழுவுகிறவன். ஒரு வருஷம் காய்ச்சல், மறு வருஷம் கால் சுளுக்கு, அடுத்த வருஷம் பரீட்சை. கடைசியில் லாரி ஓட்டப் போய்விட்டான். மகனால் போன மானம் மகளால் திரும்பட்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து வெளியே வரும்போதெல்லாம் யாராவது ஒரு அக்கா அவள் கன்னத்தைத் தட்டி, நீ எப்பம்மா என்று கேட்பாள். அம்மா தரையைப் பார்ப்பாள். ஒரு குழந்தைக்கு அது போதாதா?

தண்ணீரிலிருந்து எழுந்து வந்ததும் நடந்ததைத்தான் அவள் கடைசிவரை மறக்கவில்லை. ஈர உடையோடு அம்மா கட்டிக்கொண்டாள். அப்பா எல்லாருக்கும் முன்னால் அழுதார். முன்பின் பேசியிராதவர்கள்கூட வரிசையில் நின்று அணைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பேர் அவளை அவ்வளவு நேசித்ததில்லை.

அதன்பின் அவள் ஒழுங்கான பிள்ளையாகத்தான் இருந்தாள். முடி வெட்டும் தொழிலைக் கற்றுக்கொண்டு பெண்கள் சலூனில் சேர்ந்தாள். கை சுத்தம், வாய் இனிமை. சபைப் பெண்களில் பாதிப்பேர் அவளிடம்தான் தலையைக் கொடுத்தார்கள். சபையிலிருந்து விலக்கப்பட்டவர்களோடு யாரும் பேசக் கூடாது என்பது ஒழுங்கு. அவர்கள் எதிரே வந்தால் மற்றவர்களைப் போல அவளும் கடைக் கண்ணாடியில் எதையோ பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வாள். அதில் தவறு இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

தோழி வந்த நாளில்தான் தோன்றியது.

தோழி பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்த்தவள். சபைக்காரி. அவளுடைய புருஷனும் சபைக்காரன். அவன் கை நீளும் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு நாள் அவள் மணிக்கட்டை முறித்தான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். மூப்பர்கள் அவனைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள், அவன் அழுதான், மன்னிக்கப்பட்டான். அவளைத் திரும்பிப் போகச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். இன்னொரு தரம் சொன்னார்கள். உங்கள் மகளாக இருந்தால் அனுப்புவீர்களா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காக அவளை விலக்கினார்கள். புருஷன் இன்னும் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறான்.

அவள் சலூனுக்குள் வந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தபோது ஒரு பக்கம் முடி புருஷன் கையால் கொத்தாகப் பிடுங்கப்பட்டிருந்தது. அது தெரியாமல் ஒட்ட வெட்டிவிட முடியுமா என்று கேட்டாள். கத்தரி அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். வெட்டினாள். வெட்டும்போது பேசினார்கள், ஒரு இடத்தில் இருவரும் சிரிக்கக்கூடச் செய்தார்கள். பின்னால் டிரையருக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு ஒரு சபைப் பெண் அதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே மூப்பர்கள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூட்டம் நடக்கும் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், உடைந்த மைக் ஸ்டாண்ட், காகிதக் கோப்பைகள் அடைத்த அட்டைப் பெட்டி. விசாரிக்க மூன்று பேர். மருந்துக் கடைக்காரர், பள்ளி வேன் ஓட்டுபவர், மூன்றாவது அப்பா. வேண்டுமானால் நீங்கள் விலகிக்கொள்ளலாம் என்று மற்ற இருவரும் அவரிடம் சொன்னார்களாம். அவர்தான் வேண்டாம் என்றாராம்.

மருந்துக் கடைக்காரர் தன்மையாகத்தான் பேசினார். தெரியாமல் செய்துவிட்டேன், இனிமேல் செய்ய மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் விஷயம் இந்த அறையோடு முடிந்தது, காதும் காதும் வைத்ததுபோல் போய்விடலாம் என்றார். அவள் தோழி செய்த தப்பு என்ன என்று கேட்டாள். வேன் ஓட்டுபவர், அதைப் பேச நாம் இங்கே கூடவில்லை என்றார்.

அதுவரை அப்பா வாய் திறக்கவில்லை. இப்போது நிமிர்ந்தார்.

"ரெண்டாவது கேள்விக்கு நீ என்ன பதில் சொன்னே?"

"அப்ப எனக்குப் பன்னெண்டு வயசுப்பா."

"வயசை நான் கேக்கல. ஆம்னு சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்."

"அவ்வளவுதான்."

"பன்னெண்டு வயசுப் பொண்ணு கல்யாணத்துக்கு சம்மதம்னு சொன்னா, அதை சம்மதம்னு எடுத்துக்குவீங்களா?"

வேன் ஓட்டுபவர் குறுக்கிட்டார். "கல்யாணம் மனுஷன்கிட்ட குடுக்கற வாக்கும்மா. இது கடவுள்கிட்ட குடுத்தது."

"முதல் கேள்விதான் கடவுள்கிட்ட குடுத்தது. ரெண்டாவது உங்ககிட்ட குடுத்தது," என்றாள் கத்தரி.

அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோழிக்கு முடி வெட்டியதை மன்னித்திருப்பார்கள். இதை மன்னிக்க முடியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம் வாசித்தார்கள், இவள் இனி நம் சகோதரி அல்ல என்று. வாசித்தவர் அப்பா. குரல் பிசிறவில்லை. தலைமுழுகுவது என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வோமே, அதை அவர்கள் நிஜமாகவே தண்ணீரில் தொடங்கித் தண்ணீர் காய்ந்தபின் முடித்தார்கள்.

வீட்டில் யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. அம்மா அவளுடைய தட்டைத் தனியாக வைத்தாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மேஜைக்கு வரலாம் என்றாகியது. அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும், போனால் தொடரும். கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு அவர்கள் அத்தனை பாடுபட்டார்கள். பார்க்கப் பொறுக்காமல் அவளே கிளம்பிவிட்டாள். சலூனுக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது. முதலாளியம்மா சாவியைக் கொடுத்தாள்.

சபை வாடிக்கைக்காரர்கள் ஒருவர்கூட மறுபடி வரவில்லை. வாரக்கடைசியில் நாற்காலிகள் வெறுமனே கிடந்தன. முதலாளியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க கூட்டத்துல எல்லாருக்கும் ஒரே சமயத்துல முடி வளர்றது நின்னு போச்சா?" என்று மட்டும் கேட்டாள். கத்தரி சிரிக்க முயன்றாள். முதலாளியம்மாவே இரண்டு கோப்பை தேநீர் போட்டு எடுத்து வந்து, ஒன்றை அவள் கையில் திணித்துவிட்டுத் தரையைப் பெருக்கப் போனாள்.

அண்ணன் கதை வேறு. அவன் குடிப்பான். கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். கடவுளைப் பற்றி அவன் அடிக்கும் கிண்டலை வெளியில் சொல்ல முடியாது. ஆனால் லாரி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வீட்டுக்குப் போய் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டு வருவான். அம்மா பார்த்துப் பார்த்துப் பரிமாறுவாள். சபை அவனைக் கேட்க முடியாது. அவன் எந்த வாக்கும் கொடுக்கவில்லையே.

"நான் நனையவே இல்ல. அதனால என்னைக் காயப்போட அவங்களால முடியாது," என்றான் ஒரு நாள், சலூன் வாசலில் லாரியை நிறுத்திவிட்டு. அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். கத்தரிக்கு அது ஊசிபோல் இறங்கியது. குடிகாரன் உட்காரலாம், கைநீட்டுகிறவன் பாடலாம். கேட்டவளுக்குத்தான் தட்டு தனி.

அவளுக்கு மிஞ்சியது தங்கைதான். எல்லாருக்கும் கடைக்குட்டி, பள்ளியில் படிக்கிறாள். இன்னும் முழுக்கு எடுக்காதவள், ஆகவே ஒழுங்குக்குள் வராதவள். பள்ளி விட்டதும் பின்வாசல் வழியாகச் சலூனுக்குள் நுழைவாள். சுழல் நாற்காலியில் ஏறிச் சுற்றிக்கொண்டே வீட்டுக் கதையை எல்லாம் கொட்டுவாள். அம்மா ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்ப மாட்டாள். ஆனால் தங்கை வீட்டுக்குப் போனதும், அந்தத் தெருவுல இன்னைக்குக் கூட்டமா என்று கேட்பாளாம். கூட்டம்தான், கடையில நிக்க இடமில்ல என்று இவள் சொல்வாளாம். அம்மா சரி என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாளாம். அவ்வளவுதான் கத்தரிக்கும் அம்மாவுக்கும் இடையே இருந்த உறவு. அதைக் கேட்பதற்காகவே அவள் நாள் முழுக்கக் காத்திருப்பாள்.

கத்தரி தங்கைக்கு ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அண்ணனைப் பார், ஆம் என்று மட்டும் சொல்லிவிடாதே, சொல்லாதவரைக்கும் உன்னை யாரும் எதுவும் செய்ய முடியாது. தங்கையும் அண்ணன் வழியிலேயே காய்ச்சல், சுளுக்கு என்று நாளைத் தள்ளினாள்.

பின்வாசல் விஷயம் எப்படியோ சபைக்கு எட்டியது. முழுக்கு எடுக்காத பெண்ணை அக்காவைப் பார்க்காதே என்று தடுக்க அவர்களுக்கு வழியில்லை. வழி செய்துகொண்டால் போயிற்று. அவளை யாரும் மிரட்டவில்லை. கூட்டத்தில் பேசுகிறவர்களுக்கு மைக் எடுத்துக் கொடுக்கும் வேலை அவளிடமிருந்து வேறொருத்திக்குப் போனது. கூட்டாளிப் பெண்கள் வெளியூர் போனபோது இவளைக் கூப்பிட மறந்தார்கள். நீ எப்பம்மா என்ற கேள்வி வாராவாரம் வந்தது. கடைசியில் அம்மா மாலைச் சாப்பாட்டை நிறுத்தினாள். மகள் நல்ல முடிவு எடுக்கும்வரை உபவாசம் என்றாள். அப்பா அம்மாவின் காலித் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து தன் தட்டைக் காலி செய்தார்.

ஒரு நாள் தங்கை வந்து, சுழல் நாற்காலியில் சுற்றாமல் உட்கார்ந்தாள். முடியைக் குட்டையாக வெட்டிவிடச் சொன்னாள். இத்தனை நாள் ஆசையாக வளர்த்த முடி. ஏன் என்று கத்தரி கேட்டாள்.

"சீக்கிரம் காயும்ல. ஞாயித்துக்கிழமை நான் இறங்கறேன்க்கா."

கத்தரி அவள் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினாள். கண்ணாடியைப் பார்க்காமல் சீப்பால் முடியைப் பிரித்தாள்.

"அம்மா சாப்பிட மாட்டேங்கறாங்க," என்றாள் தங்கை.

"பசிச்சா சாப்பிடுவாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ அங்க இல்லியே."

வெட்டிய முடி துணியின் மேல் விழுந்தது. தங்கை சொன்னது தவறில்லை. அம்மாவின் கன்னம் ஒட்டிப்போனதை அவள் பார்க்கவில்லை. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கவில்லை. தங்கை சொல்லச் சொல்லத்தான் தெரிந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். முதல் கேள்விக்குச் சத்தமா சொல்லிடுவேன். கடவுள் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. ரெண்டாவதுக்கு வாயை மட்டும் அசைப்பேன். எல்லாரும் சேந்து கத்தறப்ப யாருக்குத் தெரியப்போகுது? அப்ப நான் வாக்கே குடுக்கலன்னுதானே அர்த்தம்?"

சத்தம் வந்ததா இல்லையா என்று யாரும் பின்னால் கேட்கப்போவதில்லை, நனைந்தாயா என்றுதான் கேட்பார்கள் என்பது கத்தரிக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். கண்ணாடியில் தங்கையின் முகம் பதிலுக்காகக் காத்திருந்தது.

"ஆமா. அதுதான் அர்த்தம்," என்றாள்.

"அப்புறமும் வருவேன். யாருக்கும் தெரியாம வருவேன்."

"வா."

கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தூரிகையால் தட்டிவிட்டாள். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நீச்சல் குளத்துக்குப் போனாள். பார்வையாளர் படிக்கட்டில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். தோழியைக் கூப்பிட்டதற்கு, அந்த வாடையே எனக்கு ஆகாது என்று மறுத்துவிட்டாள். கத்தரி எல்லாருக்கும் மேலே கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றிலும் தானாகவே இடம் காலியானது.

கீழே குளக்கரையில் முழுக்கு எடுப்பவர்கள் வரிசையாக நின்றார்கள். தங்கை நடுவில். குட்டை முடி அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. அப்பா மைக்கைப் பிடித்திருந்தார். முதல் கேள்வியைக் கேட்டார். எல்லாரும் சேர்ந்து ஆம் என்றார்கள். சுவரில் மோதி அது திரும்பி வந்தது.

அப்பா ஒரு நிமிஷம் பொறுங்கள் என்றார். இரண்டாவது கேள்விக்கு இனிமேல் ஒவ்வொருவரும் தனித்தனியாக மைக்கில் பதில் சொல்ல வேண்டும் என்று மேலிடம் ஏற்பாடு செய்திருப்பதாக அறிவித்தார். சின்ன வயதில் தெரியாமல் சொல்லிவிட்டேன், எனக்குப் புரியவில்லை என்று நாளைக்கு யாரும் சாக்குச் சொல்லக் கூடாது, அதற்காகத்தான் என்றார். சொல்லும்போது அவர் மேலே பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்தச் சின்ன அறையில் அவள் பேசிய பேச்சுதான் ஒரு ஏற்பாடாகி, இப்போது தங்கையின் வாயருகே மைக்காக வந்து நிற்கிறது என்பது கத்தரிக்கு உறைத்தது. அவள் படியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மைக் ஒவ்வொருவராகக் கடந்து தங்கையிடம் வந்தது. அப்பா கேள்வியை முழுதாகக் கேட்டார். குளத்துத் தண்ணீர் கரையில் தளும்பும் சத்தம்தான் மைக்கில் கேட்டது. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்ற அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்பதைக் கத்தரி அப்போதுதான் கண்ணால் கண்டாள். சொல்லிவிடு என்று தன்னை அறியாமல் மனசுக்குள் சொன்னாள். தான் அப்படி நினைத்ததை அவளால் பிற்பாடு தாங்கிக்கொள்ள முடியவில்லை, ஆனால் அந்த நொடியில் அதைத்தான் நினைத்தாள்.

"ஆம்," என்றாள் தங்கை. மற்ற எல்லாரையும்விடத் தெளிவாகச் சொன்னாள்.

அவளைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தார்கள். அம்மா துண்டால் சுற்றி அணைத்துக்கொண்டாள். வரிசை நின்றது. ஒவ்வொருவராக அணைத்தார்கள். தங்கை சிரித்தாள். அது நடிப்பாகத் தெரியவில்லை. அவ்வளவு பேர் அணைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அந்த வாரம் முழுவதும் கத்தரி சலூனின் பின்வாசலைத் திறந்தே வைத்திருந்தாள். காற்று வரட்டும் என்று முதலாளியம்மாவிடம் சொன்னாள். முதலாளியம்மா குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வரட்டும் வரட்டும் என்றாள். காற்றுதான் வந்தது. தங்கை பள்ளியிலிருந்து வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். ஒரு முறை பேருந்து நிறுத்தத்தில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். தங்கை குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். கத்தரியும் பேசவில்லை. பேசினால் அதை மூப்பர்களிடம் போய்ச் சொல்ல வேண்டிய கடமை தங்கைக்கு வந்துவிடும்.

அண்ணன்தான் சேதி கொண்டுவந்தான். அம்மா இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்றான். தங்கைக்கு மைக் வேலை திரும்பக் கிடைத்துவிட்டதாம். போன தடவை மேஜையில் அவன் கிண்டல் அடித்தபோது, இப்படிப் பேசுகிறவனோடு உட்கார்ந்து சாப்பிடலாமா என்று அப்பாவிடம் அவளே கேட்டாளாம்.

"மனசாரச் சொல்றாளா, நடிக்கிறாளா?" என்று கத்தரி கேட்டாள்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். "முதல்ல நடிச்சிருப்பா. இப்ப அவளுக்கே தெரியுமான்னு தெரியல."

குளிர்காலம் முடியும் சமயத்தில் மருந்துக் கடைக்காரர் சலூனுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினார். திரும்பி வர வழி இருக்கிறது என்றார். கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார வேண்டும். கொஞ்ச காலம் யாரும் பேச மாட்டார்கள், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த அறையில் வந்து இரண்டாவது கேள்விக்கு மறுபடி பதில் சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். "உன் தங்கச்சிதான்மா கேட்டுக்கிட்டா. தினம் உனக்காக ஜெபம் பண்றா," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, தூண்டிலில் இரை வைப்பதாகவும் அவர் நினைக்கவில்லை. அதுதான் கொடுமை.

அவள் போனாள். போகாமல் இருக்க அவளால் முடியவில்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டுப் புத்தகத்தை யாரும் அவளிடம் நீட்டவில்லை. முன்னால் வரிசை வரிசையாகப் பின்தலைகள். முக்கால்வாசித் தலைகள் ஒரு காலத்தில் அவள் கைபட்டவை. அம்மாவின் உச்சியில் முடி கொட்டி வெள்ளையாகத் தோல் தெரிந்தது. தங்கையின் முடி வளர்ந்து, யாரோ வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டிக் கோணலாகக் கிடந்தது. தோழியின் புருஷன் முன்வரிசையில் நல்ல குரலில் பாடினான். கூட்டம் முடியும்வரை அம்மாவோ தங்கையோ ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. அவள் வந்திருப்பது அவர்களுக்குத் தெரியும். தங்கையின் தோள்கள் விறைத்திருந்ததிலேயே அது தெரிந்தது.

முடிந்ததும் கூட்டம் அவளைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து வெளியேறியது. கைப்பை உரசினால்கூட மன்னிப்புக் கேட்காமல் போனார்கள். அப்பா மட்டும் அவளுக்கு நேரே வந்து, ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் எழுந்தாள். அவர் அவளுக்குப் பின்னாலிருந்த சுவிட்சுப் பலகையில் கையை நீட்டி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் அவள் போகவில்லை. வைராக்கியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தங்கை பக்கத்தில் உட்காரக் கிடைக்கும் என்றால் எந்தக் கேள்விக்கும் ஆம் என்று சொல்லிவிடுவோம் என்று அவளுக்குத் தன்னைப் பற்றியே பயம் வந்துவிட்டது. அப்படிச் சொல்லிவிட்டால் தோழியைத் தெருவில் பார்க்கும்போது எந்தக் கண்ணாடிக்குள் முகத்தைத் திருப்புவது?

அந்த வாரம் புதிதாக ஒரு பெண் முடி வெட்ட வந்தாள். பேச்சுப் பிரியை. ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, உங்க வீட்ல எல்லாரும் இருக்காங்களா என்று கேட்டாள்.

"இருக்காங்க. பக்கத்துலதான்," என்றாள் கத்தரி. பிறகு அந்தப் பெண்ணின் தலையை மெல்ல முன்னுக்குச் சாய்த்து, பின்பக்கம் எவ்வளவு குறைக்கணும் என்று கேட்டாள்.